லீவு போடாதவர்கள்

திரையில் எண்பத்தொன்று என்று வந்ததும் சாந்தாமணி, மருமகளின் மடியிலிருந்த குழந்தையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிடுங்கவில்லை. கடையில் பை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டாள். கோகிலவாணியும் தடுக்கவில்லை. மாத்திரையின் அசதியில் அவள் கைகளுக்குப் பிடியே இல்லை. மூன்று வயது மித்ரா, அம்மாவைத் திரும்பிப் பார்த்தபடியே பாட்டியோடு அறைக்கு வெளியே போனாள்.

பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் அங்கயற்கண்ணிக்கு வயிறு எரிந்தது. திருப்பூரில் மனநல மருத்துவராக இருப்பவளுக்கு எரிச்சலுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் இந்த எரிச்சல் வேறு மாதிரியாக இருந்தது. நோயாளிக்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில், நோயாளியின் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நிற்கிறோமே என்ற எரிச்சல்.

"பொறவியிலயே வந்ததுங்களாமா டாக்டரம்மா. மிசினே சொல்லிப்போடுச்சு பாருங்," என்றாள் சாந்தாமணி, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடி. "அசல்ல கட்டாத, சொந்தத்துல கட்டுடான்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனுங்க. கேட்டானா? தேனிப் பக்கம் போயி, யாரு வித்தோ எவரு வித்தோ, கட்டிக்கிட்டு வந்து நின்னான். என்ற பேத்திக்கும் இது ஒட்டிக்கிட்டா நான் எங்கீங்க போவேன்?"

அவள் மகன் தண்டபாணி சுவரோடு சுவராக நின்றான். அவன் பெண்டாட்டிக்கும் பேசவில்லை, அம்மாவுக்கும் பேசவில்லை. அப்படிப்பட்ட ஆண்பிள்ளைகளை அங்கயற்கண்ணி தினமும் பார்க்கிறாள்.

திரையில் மூன்று வரிகள் இருந்தன. பிறவி எண்பத்தொன்று, வளர்ப்பு பதினொன்று, வேலை எட்டு. கூட்டினால் நூறு வரும். கணக்கு சரியாக வந்துவிட்டால் நியாயமும் சரியாக வந்துவிட்டது என்று நம்புகிற நாடு இது.

அந்தக் கருவிக்கு வேர்காட்டி என்று பெயர். முடிவெட்டும் கடை நாற்காலி மாதிரி ஒரு நாற்காலி, அதன்மேல் கவிழ்த்துப்போட்ட குண்டான் மாதிரி ஒரு தொப்பி. ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு, மூளைக்குள் அரைமணி நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இந்த மனுஷனுக்கு வந்த மனநோய் எங்கிருந்து வந்தது என்று பங்கு பிரித்துச் சொல்லும். அது வந்தபோது எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டது அங்கயற்கண்ணி மாதிரி டாக்டர்கள்தான். அதுவரை செய்வினை, பேய், கிரகம், போன ஜென்மத்துப் பாவம் என்று ஊர் சொல்லும் காரணங்களோடு மல்லுக்கட்டியே அவர்கள் தொண்டை வற்றிப்போயிருந்தது. இனி விஞ்ஞானம் பேசும் என்று நினைத்தார்கள். விஞ்ஞானம் பேசத்தான் செய்தது. பின்னாலேயே சட்டம் வந்தது.

காரணச் சட்டம் என்றார்கள். பிறவிப் பங்கு பாதிக்கு மேல் இருந்தால், நோயாளி வேலை பார்த்த நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. அது போகட்டும் என்றால், அதே சட்டத்தின் வாலில் இன்னொரு கொடுமை தொங்கியது. பிறவி முத்திரை விழுந்தவரின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், 'குழந்தையின் நலன் கருதி', தாய் தகப்பனில் முத்திரை விழாதவரின் குடும்பத்தில் இருக்க வேண்டும். பேயை ஓட்டிவிட்டு அது இருந்த நாற்காலியில் ஓர் எண்ணைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பேய் ஓட்டுகிறவனாவது வேப்பிலையோடு விட்டிருப்பான்.

கோகிலவாணிக்கு வந்த நோய் இப்படித்தான் தொடங்கியது. வான்முகில் பின்னலாடை நிறுவனத்தில் அவள் தையல் பிரிவில் இருந்தாள். அங்கே ஒவ்வொரு மிஷினுக்கு மேலேயும் ஒரு சின்னப் பெட்டி உண்டு. தையல் வேகம் குறைந்தால் அது பேசும். இனிமையான பெண் குரல். "எண்பத்தாறு, நீங்கள் பின்தங்குகிறீர்கள். தயவுசெய்து வேகம் கூட்டவும்." எண்பத்தாறு என்பது கோகிலவாணி. பேர் சொல்லிக் கூப்பிட்டால் நேரமாகுமாம். ஒன்றரை ஷிப்ட் முழுக்க அந்தக் குரலைக் கேட்டுவிட்டு லைன் வீட்டுக்கு வந்தால், சில மாதங்களாக அங்கேயும் அது கேட்கத் தொடங்கியது. சோறு வடிக்கும்போது, குழந்தைக்குத் தலைவாரும்போது, கண்ணை மூடும்போது. ஒருநாள் மத்தியானம் தையல் மிஷினை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, "அவளை என் தலைக்குள்ள இருந்து வெளிய வரச் சொல்லுங்க" என்று கத்தியவள் எழுந்திருக்கவே இல்லை. கம்பெனி வேன் அவளை அரசு மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது.

மாத்திரை வேலை செய்தது. குரல் தணிந்தது. ஆனால் எண்பத்தொன்று வந்த மறுநாள் கோகிலவாணி வார்டில் அங்கயற்கண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், எனக்குப் பொறப்புலயே கோளாறா? எங்க வீட்ல யாருக்கும் இப்படி வந்ததில்லையே. எங்க அம்மா நல்லாத்தான இருந்துச்சு."

"கோளாறுன்னு யாரும்மா சொன்னது?"

"எண்பத்தொண்ணு சொல்லுதே."

அங்கயற்கண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மதுரைக்காரி. கோபம் வந்தால் டாக்டர் தமிழ் போய் ஊர்த் தமிழ் வந்துவிடும்.

"குழம்பு வைக்கிறல்ல? குழம்பு ருசிக்கு உப்பு இவ்வளவு காரணம், புளி இவ்வளவு காரணம், அடுப்பு இவ்வளவு காரணம்னு பங்கு பிரிச்சுச் சொல்லுவியா? எல்லாஞ் சேந்தாத்தான குழம்பு. மனசுக்கு வர்ற நோயும் அப்படித்தேன். பொறப்பு ஒரு பங்கு, தூக்கம் ஒரு பங்கு, பயம், பசி, தனிமை, திட்டு வாங்குறது, எல்லாம் ஒண்ணுல ஒண்ணு கலக்கும். பொறப்புல ஏதோ இருந்தாலும் அது குத்தம் இல்ல. சக்கரைவியாதிக்காரன் புள்ளையத் தூக்கிட்டா போறாங்க?"

"அப்ப மித்ராவ ஏன் தூக்கிட்டுப் போனாங்க?"



அன்று சாயங்காலம் அங்கயற்கண்ணி தன் அறையில் உட்கார்ந்து, அந்த வருஷம் வேர்காட்டியில் உட்கார்ந்த பனியன் கம்பெனிப் பெண்களை ஒவ்வொருவராக நினைவுபடுத்திப் பார்த்தாள். திண்டுக்கல்காரி, ஒடிசாக்காரி, பீகார்க்காரி, தர்மபுரிக்காரி. ஒருத்தி உறைந்துபோய் வந்தாள், ஒருத்தி பேசிக்கொண்டே வந்தாள், ஒருத்தி சாவதற்கு முயன்று வந்தாள். எல்லோருக்கும் பிறவிதான் காரணம். ஒருத்திக்குக்கூட வேலை காரணமில்லை. ஊரில் இருந்தவரை எல்லோரும் நன்றாக இருந்தார்கள், இங்கே வந்து இரண்டு வருஷத்தில் எல்லோருடைய பிறவியும் ஒன்றுபோலக் கெட்டுப்போனது! ரயில் ஏறி வரும்போதே பிறவியை எங்கோ மழையில் நனைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள் போலும்.

வேர்காட்டியைப் பராமரிக்கும் பிரணவ் என்ற இன்ஜினியருக்குப் போன் போட்டாள். சென்னைப் பையன், மரியாதையானவன். மறுநாள் ஆஸ்பத்திரி எதிரில் இருந்த டீக்கடைக்கே வந்துவிட்டான்.

"மிஷின் தப்பு பண்ணல மேடம்," என்றான், அவள் வாய் திறப்பதற்கு முன்பே.

"தப்பு பண்ணுதுன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையேப்பா. அது எப்படிக் கணக்குப் போடுதுன்னு மட்டும் சொல்லு."

"மூளையைப் பார்த்ததும் இது நோய்னு அதுக்குத் தெரியாது மேடம். முதல்ல ஒவ்வொரு ஊர்லயும் நல்லா இருக்கறவங்களை உட்கார வெச்சு, இதுதான் சாதாரணம்னு சொல்லிக்கொடுப்போம். அதுக்குப் பேரு சமநிலை. அப்புறம் வர்றவங்க அந்தச் சமநிலைல இருந்து எவ்வளவு விலகியிருக்காங்கன்னு பார்க்கும். அந்த விலகலுக்குத்தான் காரணம் பிரிக்கும்."

"திருப்பூர்ல சமநிலைக்கு உட்கார்ந்த நல்லவங்க யாரு?"

"ஒரே ஊர், ஒரே தொழில் இருக்கறவங்களா எடுக்கணும்னு விதி மேடம். பனியன் கம்பெனிப் பொம்பளைங்களை பனியன் கம்பெனிப் பொம்பளைங்களோட ஒப்பிடணும், அதான நியாயம்? வான்முகில் கம்பெனியே நூறு பேரை அனுப்பினாங்க. எல்லாரும் ஆரோக்கியமானவங்க. வருஷம் பூரா ஒருநாள்கூட லீவு போடாதவங்க."

அங்கயற்கண்ணி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "லீவு போடலைன்னா ஆரோக்கியமா?"

"டெய்லி வேலைக்கு வந்திருக்காங்களே மேடம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கம்பெனியில் ஒருநாள் வராவிட்டால் மாதம் முழுவதற்குமான வருகைப்படி போய்விடும். காய்ச்சலோடு தைப்பார்கள், கருக்கலைந்த மறுநாள் தைப்பார்கள், தகப்பன் செத்த செய்தி வந்தாலும் ஷிப்ட் முடித்துவிட்டுத்தான் அழுவார்கள். லீவு போடாத கால்களைப் பார்த்து, மேலே இருக்கிற தலையும் சுகமாக இருக்கிறது என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். சூப்பர்வைசர் புத்தியை மிஷினுக்கும் ஊட்டியாகிவிட்டது.

"அங்க பாரு," என்று பக்கத்துக் கடையைக் காட்டினாள். ஒருவர் தயிர் நிறுத்து வாங்கிக்கொண்டிருந்தார். "கடைக்காரரு வெறும் தூக்குவாளியத் தராசுல வெச்சு ஒரு பட்டனை அமுக்குறாரா? இப்ப பூஜ்யம்னு காட்டுது. வாளிக்கு எடை இல்லாமப் போச்சா?"

"இல்ல மேடம், வாளியோட எடையைக் கழிச்சுடுச்சு."

"அதைத்தான நீங்க பண்ணியிருக்கீங்க! இந்த வேலை எல்லாருடைய மண்டையிலயும் ஒரே மாதிரி ஏறி உட்கார்ந்திருக்கு. தூக்கமில்ல, அந்தக் குரல், ஒண்ணுக்குப் போறதுக்கு டோக்கன், எல்லாமே. அந்த மண்டைகளை வெச்சே நீங்க பூஜ்யம் போட்டுட்டீங்க. வேலையோட எடை அப்படியே காணாமப் போச்சு. மிச்சம் என்ன இருக்கும்? ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் பொறப்புல இருக்கற வித்தியாசம் மட்டுந்தான் இருக்கும். எல்லாரையும் தண்ணிக்குள்ள அமுக்கிட்டு, முதல்ல மூச்சு முட்டுனவளைப் பார்த்து உனக்கு நுரையீரல் சரியில்லைங்கறீங்க!"

பிரணவ் அந்தத் தராசைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "மிஷின் கேட்ட கேள்விக்குச் சரியாத்தான் மேடம் பதில் சொல்லியிருக்கு," என்றான் சன்னமாக. "கேள்விதான் தப்பு. சமநிலையை மாத்தினா எல்லாமே மாறும். ஆனா அதுக்குக் காரணச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவு போடணும். நீங்க மனுப் போட்டா நான் வந்து சொல்றேன்."

சொன்னபடியே வந்து சொன்னான். அதற்காக அவனுக்கு ஒரு கும்பிடு.

காரணத் தீர்ப்பாயத்தின் தலைவர் தேவசகாயம் ஓய்வுபெற்ற நீதிபதி. பொறுமைசாலி. ஒரு பக்கம் கோகிலவாணியும் அங்கயற்கண்ணியும், எதிர்ப்பக்கம் வான்முகில் முதலாளி குழந்தைவேலுவும் அவர் வக்கீலும். பார்வையாளர் பெஞ்சில் மித்ராவை மடியில் வைத்துக்கொண்டு சாந்தாமணி. அவளும் வான்முகிலில்தான், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில், இருபது வருஷமாக இருக்கிறாள். அங்கேயும் மேஜைக்கு மேஜை அந்தப் பேசும் பெட்டி உண்டு. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. அம்மாவிடம் போக வேண்டும் என்று குழந்தை நெளிந்தபோதெல்லாம் அட்டையின் கயிற்றைக் கடிக்கக் கொடுத்தாள்.

பிரணவ் சொன்னதைக் கேட்டு, வேறு சமநிலை வைத்து மறுபடி பார்க்கலாம் என்று தலைவர் ஒத்துக்கொண்டார். அவசரத்துக்கு இருபது பேர் போதும் என்றான் பிரணவ். அதற்கப்புறம் நடந்த கூத்தைத்தான் சொல்ல வேண்டும். அந்த ஊரில் உண்மையிலேயே நன்றாக இருக்கிற இருபது பேரைத் தேடினார்கள். வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயமில்லாமல் இருக்கிறவர்கள். நர்ஸுகள் இல்லை என்றாகிவிட்டது. போலீஸ்காரர்கள் பேச்சே வேண்டாம். ஆசிரியர்களைக் கேட்டபோது இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் பையன்கள் கேள்வி முடிவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டாக்டரை வைத்துப் பார்க்கலாமே என்று யாரோ சொல்ல, அங்கயற்கண்ணி கையெடுத்துக் கும்பிட்டாள். தலைவர் தேவசகாயமே, தான் மாத்திரை போட்டுத்தான் தூங்குவதாக ஒப்புக்கொண்டார்.

கம்பெனி வக்கீலுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஆள் கிடைக்கலைன்னா பழைய சமநிலையே நிக்கட்டும் ஐயா. பிறவியில இருக்கறதை வேலை மேல பழி போட்டு என்ன பிரயோஜனம்? நாங்க நூத்துக்கணக்கான குடும்பத்துக்குச் சோறு போடுறோம். பரம்பரையில வர்றதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?"

அங்கயற்கண்ணிக்குப் பொறுக்கவில்லை. "பரம்பரை, பரம்பரைன்னு வாய் ஓயாமச் சொல்றீங்களே, சுத்தமான பரம்பரைன்னு இந்த ஊர்ல ஒண்ணைக் காட்டுங்க பார்ப்போம்! உங்க முதலாளி வீட்டுலயே எத்தனை பேருக்கு என்னென்ன இருக்கோ, யாரு கண்டா?"

அவள் அதைத் திட்டம்போட்டுச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில் சொன்னாள். ஆனால் குழந்தைவேலு எழுந்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, பார்க்க லட்சணமான மனிதர். அறுபது வயது என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

"ஏனுங்க டாக்டரம்மா, என்ன பேச்சுப் பேசுறீங்க? ஏழு தலைமுறையா எங்க குலத்துல ஒரு கிறுக்குக் கெடையாது, தெரியுமுங்களா? பொண்ணு எடுத்தாலும் குடுத்தாலும் மூணு தலைமுறை விசாரிச்சுத்தான் செய்வோமுங்க. இருவது பேரு என்னங்க, நாப்பது பேரு நான் கூட்டியாறேன். ஐயா, என்ற குடும்பத்தையே வெச்சுப் பாருங்க!"

வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். குழந்தைவேலு கையைத் தட்டிவிட்டார். குலப்பெருமை வாய்க்கு வந்துவிட்டால் வக்கீல் பேச்சு காதில் ஏறாது. தலைவர் அப்படியே உத்தரவு போட்டுவிட்டார்.

அடுத்த விசாரணைக்குத் தீர்ப்பாயத்துக்கே வேர்காட்டியைக் கொண்டுவந்தார்கள்; முதலாளி குடும்பத்தார் கல்யாணத்துக்கு வருவதுபோல வந்தார்கள். பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாகப் பெண்கள், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பையன்கள், கோயமுத்தூரிலிருந்து தம்பி குடும்பம், பொள்ளாச்சியிலிருந்து மச்சான் குடும்பம். ஒருவர்பின் ஒருவராக வேர்காட்டியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். பெரியவர் ஒருவருக்குத் தொப்பியை மாட்டியதும் தூக்கமே வந்துவிட்டது. "நல்ல தூக்கமுங்க எங்க சித்தப்பாவுக்கு, படுத்தார்னா இடி விழுந்தாலும் தெரியாது" என்று குழந்தைவேலு பெருமைப்பட்டுக்கொண்டார். அந்தத் தூக்கத்தைத்தான் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களைப் பூஜ்யமாக வைத்துக் கோகிலவாணியை மறுபடி உட்கார வைத்தார்கள். பிறவி பன்னிரண்டு. வளர்ப்பு ஒன்பது. வேலை எழுபத்தொன்பது.

முதலாளி வீட்டுப் பெண்கள் என்ன எண் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். குழந்தைவேலுவுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் வக்கீலைப் பார்த்தார். அந்த வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. எழுந்து தொண்டையைச் செருமினார்.

"ஐயா, முதலாளி குடும்பத்தைத் தொழிலாளியோட ஒப்பிட்டா இப்படித்தான் அபத்தமா வரும். நான் நிரூபிக்கறேன். ஏற்கெனவே சமநிலைக்கு உட்கார்ந்த பொம்பளைங்களையே இப்ப உட்கார வைங்க. அவங்க தினமும் வேலைக்கு வர்றவங்க, ஒரு குறையும் இல்லாதவங்க. அவங்களையும் நோயாளின்னு இந்த மிஷின் சொல்லும், பாருங்க. சொல்லிச்சுன்னா இந்தப் புதுச் சமநிலை செல்லாது. பழசே நிக்கணும்."

"யாரையாவது கூப்பிட முடியுமா?" என்றார் தலைவர்.

"இங்கயே ஒருத்தர் இருக்காங்க ஐயா. மருமகளுக்கு ஆதரவாச் சொல்ல வேண்டிய அவசியமும் அவங்களுக்கு இல்ல."

வக்கீல் கைகாட்டியது சாந்தாமணியை.

அங்கயற்கண்ணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. சமநிலைக்கு உட்கார்ந்த நூறு பேரில் இவளும் ஒருத்தியா? மருமகளுக்கு எடை பார்த்த தராசில் மாமியாரையும் படிக்கல்லாகப் போட்டிருக்கிறார்களா?

சாந்தாமணி குழந்தையை மகனிடம் கொடுத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தொப்பியைக் கவிழ்த்தார்கள். அந்த அரைமணி நேரமும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. அவள் தூங்கவில்லை என்பது மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது.

விலகல் அதிகம் என்றது திரை. மருமகளைவிடக் கொஞ்சம்தான் குறைவு. காரணம்: வேலை, எண்பத்திரண்டு.

"பார்த்தீங்களா ஐயா!" வக்கீல் கையைத் தட்டாத குறை. "இந்தம்மா இருபது வருஷமா லீவே போடாதவங்க. குடும்பத்தைக் கட்டிக் காக்கறவங்க. பேத்தியை வளர்க்கறவங்க. இவங்களைப் போய் மனநோயாளிங்குது. இதைவிட என்ன வேணும்? அம்மா, நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருக்கா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். பழைய எண் நிற்கும், பேத்தி அவளிடமே நிற்பாள், இருபது வருஷத்து வேலையும் நிற்கும். குழந்தைவேலு அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். கோகிலவாணி மாமியாரைப் பார்க்கவில்லை. தண்டபாணியின் தோளில் சாய்ந்திருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாந்தாமணி கழுத்து அட்டையைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா," என்றார் தலைவர். "பயப்படாதீங்க."

"பயந்தானுங்களே சாமி வாயைத் தொறக்க உடல," என்றாள் சாந்தாமணி. "எனக்கும் கேக்குதுங்க. அந்தப் பொம்பள கொரலு. நாலு வருசமா கேக்குது. இவளுக்குக் கேக்கறதுக்கு முன்னாலருந்தே கேக்குதுங்க."

வக்கீல் ஏதோ சொல்ல வந்தார். தலைவர் கையை உயர்த்தி அவரை அடக்கினார்.

"வெளிய சொன்னா பொறவின்னு முத்திர குத்திப்போடுவாங்கன்னு கம்முனு இருந்துட்டேனுங்க. எனக்குன்னா என்ற மகனுக்கும் வரும்பாங்க, பேத்திக்கும் வரும்பாங்க. இவ அன்னைக்கு வேலைல உக்காந்து கத்துனா பாருங்க, அது என்ன கத்தல்னு அங்கிருந்த எல்லாத்தையும் விட எனக்குத்தான் தெரியுமுங்க. தெரிஞ்சுமே, அசல்காரி வித்துன்னு பழியத் தூக்கி அவ மேல போட்டுட்டு, புள்ளையத் தூக்கிட்டு வந்துட்டேன். என்ற மேல யாரு கண்ணும் படாம இருக்கோணும்னு."

அவள் குரல் சண்டைக்குப் போகிற குரலாகத்தான் இருந்தது. முதலாளி பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க முதலாளி, பரம்பரைன்னீங்க. இவ தேனிக்காரி. எனக்கு அண்ணன் மகளுமில்ல, நாத்தனா மகளுமில்ல. எங்க ரெண்டு பேருக்கும் சொட்டு ரத்தம் சம்பந்தமில்லீங்க. நான் இவளப் பெக்கல, இவ என்னப் பெக்கல. அப்புறம் எப்படீங்க ரெண்டு பேத்துக்கும் ஒரே பொம்பள வந்து பேசறா? அவ உங்க கம்பெனிக்காரி தானுங்களே?"

முதலாளி வீட்டுப் பெண்களில் ஒருத்தி மெதுவாக எழுந்து வெளியே போனாள். குழந்தைவேலு நாற்காலியிலேயே இருந்தார்.  ஏழு தலைமுறையிலும் அந்தக் கேள்வியை யாரும் அவர் குலத்தில் கேட்டிருக்க மாட்டார்கள்.

தலைவர் தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மத்தவங்களையும் கூப்பிடுங்க," என்றார் பிரணவிடம். "சமநிலைக்கு உட்கார்ந்த எல்லாரையும். ஒருத்தர் விடாம."

"எல்லாரும் ஷிப்ட்ல இருக்காங்க சார்."

"ஷிப்டை நிறுத்தச் சொல்லுங்க. உத்தரவுன்னு சொல்லுங்க."

தலைவர் சொல்லி முடிக்கக்கூட சாந்தாமணி காத்திருக்கவில்லை. மகனிடம் போய் மித்ராவை வாங்கினாள். அம்மா சொல்லாமலே இந்தத் தடவை தண்டபாணியும் கூடவே வந்தான். அவள் மருமகளின் பெஞ்சில் உட்கார்ந்து, குழந்தையை அவள் மடியில் வைத்து, கோகிலவாணியின் தளர்ந்த கைகள் இரண்டையும் எடுத்துக் குழந்தையைச் சுற்றி வளைத்து வைத்தாள். நழுவிவிடாதபடி தன் கையையும் அதன்மேல் போட்டாள்.

கோகிலவாணி குழந்தையின் உச்சந்தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள். பிறகு மாமியார் பக்கம் தலையைச் சாய்த்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்.

"அத்தை, ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுப் போயி வாசல்ல உக்காருவீங்களே. அதுக்குத்தானா?"

"ஆமா கண்ணு."

"நீங்க என் மேல கோவமா இருக்கீங்கன்னுல நெனச்சேன்."

சாந்தாமணி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கயற்கண்ணியை நிமிர்ந்து பார்த்தாள். "டாக்டரம்மா, இவளுக்குக் குடுத்தீங்களே, அந்த மாத்திரைய எனக்கும் எழுதிக் குடுங்க," என்றாள். "நாளைக்கு நான் லீவு."